தண்ணீருக்கும் ஒரு ரீடேக்

இன்று காலை ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு ஓர் எம்.பி. வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வந்தார். கூடவே செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி அவருடைய வீடியோக்காரர்.

எதிர்வீட்டு முத்துலட்சுமி அக்கா ஆரத்தி எடுத்தார். கையோடு, குழாயில் தண்ணீர் வராததையும் கேட்டார்.

"ஜெயிச்சதும் மொத வேலை அதான்" என்றார் வேட்பாளர்.

வீடியோக்காரர் குறுக்கே வந்தார். "அக்கா, ஆரத்தி வீடியோவுல சரியா விழல. இன்னொரு தடவ சுத்துங்க."

"சுத்துதேன். அண்ணாச்சி தண்ணி பத்திச் சொன்னதையும் இன்னொரு தடவ சொல்லட்டும். அப்ப நீங்க போனைக் கீழ எறக்கிட்டீகள்ல?"

தெருவே சிரித்தது. வேட்பாளரும் சிரித்துவிட்டார், வேறு வழி? இந்த முறை சத்தமாகவே சொன்னார். அதற்குள் எங்கள் போன்களும் மேலே ஏறியிருந்தன. பிறகுதான் தட்டு சுற்றியது.

மாலையில் அவர்கள் போட்ட வீடியோவில் ஆரத்தி மட்டும் ஸ்லோமோஷனில், பாட்டோடு. தண்ணீரைக் காணோம்.

பரவாயில்லை. எங்கள் தெருவில் எல்லோர் ஸ்டேட்டஸிலும் தண்ணீர்தான் ஓடுகிறது.

வேட்பாளரை எந்நேரமும் வீடியோ எடுப்பது ஜனநாயகத்துக்கு நல்லதா என்று டிவியில் விவாதிக்கிறார்கள். நல்லதுதான், நாமும் எடுத்தால்.

நாளை பிரச்சார வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறதாம். அங்கிருப்பவர்களே, இப்போதே போனுக்குச் சார்ஜ் போட்டு வையுங்கள். உங்கள் தெருவில் எதற்கு ரீடேக் கேட்கப் போகிறீர்கள்?