காணும் என்ற சொல்

திருச்சிக்கு வந்த புதிதில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே இருந்தார்கள். "காணும், காணும்" என்று கையை மறித்தேன். பரிமாறியவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "என்னம்மா காணோம்? செருப்பா?" என்று கேட்டார். எங்கள் மன்னார்ப் பக்கத்தில் காணும் என்றால் போதும் என்று பொருள். இங்கே அது எதையோ தொலைத்தவளின் பேச்சு. வந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. இன்னும் பஸ்ஸில், மளிகைக் கடையில் வாய் தவறி வந்துவிடும். எதிரில் இருப்பவர் ஒருமுறை தரையைப் பார்ப்பார். ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பாக இருக்கும். ஒரே தமிழ்தானே என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் தென்னூரில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள். பல பண்பாடுகள், ஒரே மனிதம் என்று பேனர். ஒவ்வொரு சமூகத்திலிருந்தும் ஒரு வீட்டுப் பொருளும் அதன் கதையும் வேண்டுமாம். எங்கள் அகதி முகாமுக்கு அதைக் கேட்டு வந்தவள் அபர்ணா, ஸ்ரீரங்கத்துப் பெண். எங்கள் கறுப்புத் தேநீரை முகம் சுளிக்காமல் குடித்தாள். சுவரிலிருந்த படத்தைக் காட்டி, "இவங்க யாருங்கக்கா?" என்றாள்.

"அண்ணா. படகடியில தவறவிட்டிட்டம்."

அவள் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் படத்தையே குடுங்கக்கா, பத்திரமா பாத்துக்கறேன்" என்றாள்.

அண்ணாவுக்கு அப்போது பதினேழு வயது. பேசாலைக் கரையில் படகேறும் நெரிசலில், தண்ணீர்ப் போத்தலை விட்டுவிட்டோம் என்று அம்மா சொல்ல, அதை எடுக்கத் திரும்பி ஓடினான். படகு காத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ அதிகாரிகள் முகாமில் வந்து எங்களை எண்ணினார்கள். வீட்டில் இருப்பது அம்மாவும் நானும்தான். ஆனாலும் அம்மா ஒவ்வொரு முறையும், "மூண்டு பேர். ஒராள் பிறகு வருவான்" என்றே சொல்லுவாள். அந்தப் படத்துக்கு இன்றுவரை ஒரு பூ வைக்க விட்டதில்லை. பூ வைத்தால் முடிந்துவிட்டது என்று அர்த்தம். கண்காட்சிக்குக் கொடுக்கச் சம்மதித்ததே, "நாலு பேர் பார்ப்பினம், ஆராவது அவனைக் கண்டிருப்பினம்" என்ற நினைப்பில்தான்.

திறப்பு நாளன்று அம்மா தன்னிடம் இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டாள். மண்டபத்தில் சமயபுரத்துப் பூத்தட்டுக்கும் யாரோ ஒரு முஸ்லிம் வீட்டுத் தொழுகைப் பாய்க்கும் நடுவில் அண்ணா இருந்தான். கழுத்தில் சந்தன மாலை. முன்னால் சின்ன மின்விளக்கு. கீழே அட்டையில் அழகான கையெழுத்தில், 'போரில் தவறியவர்.'

அபர்ணா ஓடி வந்தாள். "நன்னா இருக்காம்மா? எங்காத்துல தாத்தா படத்துக்கும் இதே மாலைதான்."

அவளைத் திட்ட முடியுமா? தன் வீட்டு இறந்தவருக்குச் செய்த மரியாதையை எங்களுக்கும் செய்திருந்தாள். எனக்கு என்மேல்தான் ஆத்திரம். தவறிவிட்டார் என்றால் செத்துப்போனார் என்பது எனக்குத் தெரியாததா? இத்தனை வருடம் இங்கே குப்பை கொட்டியும், ஆளைத் தொலைத்ததைச் சொல்லும்போது வாயில் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது.

அம்மா அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தாள். மாலையை மெதுவாகக் கழற்றி அபர்ணாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"காணும் பிள்ளை" என்றாள். "காணும்."

அபர்ணா பதறிப்போனாள். "என்னம்மா காணோம்? இங்கதான் எங்கயாவது விழுந்திருக்கும், இருங்க, பாக்கறேன்." மேசை விரிப்பைத் தூக்கிவிட்டு, தரையில் முட்டிபோட்டுத் தேட ஆரம்பித்தாள்.

அம்மா படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன். எந்தத் தமிழில் சொல்வது என்று தெரியவில்லை. நானும் அந்தப் பெண்ணின் பக்கத்தில் குனிந்து, தேடத் தொடங்கினேன்.