முள்ளுக்குறிச்சியில் கொட்டிய காப்பி

எங்கள் குடும்பத்தில் மேலைத் தத்துவ வரலாற்றைக் கல்லூரியில் படித்தது சித்தி. அதை முதன்முதலில் பயன்படுத்தியது நான். அப்போது ஒன்றாம் வகுப்பு.

சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்த சித்தி, விடுமுறைக்கு மலைமேல் இருக்கும் எங்கள் செம்மேட்டுக்கு வந்தால் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டே பாடத்தை என்னிடம் ஒப்பிப்பாள். வேறு யாரும் காது கொடுக்கவில்லை. எல்லாமே தண்ணீர்தான் என்றவரை எனக்குப் பிடிக்கவில்லை. கேள்வி கேட்டே ஊரைப் படுத்தியெடுத்த கிரேக்கத் தாத்தாவைத்தான் பிடித்தது.

"ஊருக்குப் பொறுக்கல கண்ணு. ஒரு கோப்பையில வெசத்த ஊத்திக் குடுத்துட்டாங்க. அவரும் குடிச்சுட்டாரு" என்றாள் சித்தி. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கடைசி வருடப் படிப்பு மிச்சமிருக்கும்போதே முள்ளுக்குறிச்சியிலிருந்து ஒரு வரன் வந்தது. சொந்த லாரி, மெத்தை வீடு. படிப்பை நிறுத்திவிட வேண்டும் என்பது அவர்கள் பேச்சு. சித்தியின் அப்பா, அதாவது என் அப்புச்சி, சொந்தக்காரர்களிடம் தலையாட்டிவிட்டார். சித்தி அழுது பார்த்தாள், பலிக்கவில்லை. மாப்பிள்ளை வீடு பார்க்க நானும் வருவேன் என்று பிடிவாதமாக நின்றாள். எல்லோரும் பஸ் ஏறினோம். சம்மதம் என்றால்தான் அந்த வீட்டில் கை நனைக்க வேண்டும்; ஒரு வாய் காப்பி குடித்தாலும் கதை முடிந்தது.

பொம்பளப் பிள்ளைக்கு இந்தப் படிப்பு போதும் என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"எதுக்குப் போதும்ங்க மாமா?" என்று கேட்டாள் சித்தி.

"குடும்பம் நடத்தத்தான்."

"நல்லா நடத்தறவங்க யாருங்க?"

"எங்கூட்டுக்காரிதான்."

"அவங்களுக்கு எது போதும்னு கேட்டிருக்கீங்களா?"

உள்ளறையில் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சுண்டிப்போனது. "கேள்வியெல்லாம் அப்பறம். மொதல்ல காப்பியக் குடி சாமி" என்று டம்ளரைச் சித்தி கையில் திணித்தார்.

சித்தி அப்புச்சியைப் பார்த்தாள். அப்புச்சி தரையைப் பார்த்தார். டம்ளர் உதடுவரை போய்விட்டது.

கேள்வி கேட்டவர்களுக்கு என்ன கொடுப்பார்கள் என்று எனக்கா தெரியாது? "குடிக்காத சித்தி, வெசம்" என்று கத்திக்கொண்டே பாய்ந்து ஒரே தட்டு. காப்பி முழுக்க மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில்.

அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். அதற்குள் அப்புச்சி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டார்.

"சகுனம் சரியில்லீங்க. நாங்க வாரோம்."

திரும்பும் பஸ்ஸில் சித்தி என்னை மடியிலேயே வைத்துக்கொண்டு அழுகையும் சிரிப்புமாக வந்தாள். அப்புச்சி ஒரு பெரிய மிக்சர் பொட்டலத்தை வாங்கி, யாருக்கும் பங்கு வைக்காமல் எனக்கே கொடுத்தார். சித்தி உயிரைக் காப்பாற்றியதற்குப் பரிசு என்று நினைத்து, மலை ஏறி முடிப்பதற்குள் தின்று தீர்த்தேன்.

இன்று சித்தி ஒரு கல்லூரியில் அதே தத்துவத்தைப் பாடம் நடத்துகிறாள். பூனை குறுக்கே போனாலும் பல்லி கத்தினாலும் அப்புச்சி தன் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சகுனம் பார்த்து நின்றவரில்லை என்பது மட்டும் அன்றைக்கு எனக்குத் தெரியாது.