நான் அழித்த வம்சாவளி

1. ரப்பர்

எழுபதுகளின் தொடக்கத்தில் செங்கல்பட்டில் ஒரு கிளை நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் நாள் நூலகர் எனக்குச் சாவியும் தரவில்லை, ரெஜிஸ்டரும் தரவில்லை. ஒரு ரப்பரைக் கொடுத்தார்.

"திரும்பி வர்ற புக்ல பென்சில்ல கிறுக்கியிருப்பாங்க. அழிச்சிட்டுத்தான் ஷெல்ஃப்ல வைக்கணும். பேனாவுல எழுதியிருந்தா எங்கிட்ட கொண்டாம்மா, மெம்பரைக் கூப்பிட்டுக் கேக்கறேன்."

கதாநாயகிக்கு மீசை, மளிகைச் சாமான் பட்டியல், 'சுத்த போர்' என்ற விமரிசனம் எல்லாவற்றையும் அழித்தேன். தாள் கிழியாமல், அழுக்குப் படியாமல் அழிப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று ஒரு கர்வமே வந்துவிட்டது. இன்று இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன் என்றால், அந்தக் கர்வம் பட்ட அடிதான் காரணம்.

2. யாருக்கு யார் என்ன முறை

மூன்றாம் வருடம் கனமான ஒரு மொழிபெயர்ப்பு நாவல் வந்தது. துருக்கியில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். ஒன்றில் துருக்கியக் குடும்பம், மற்றதில் ஆர்மீனியக் குடும்பம். துருக்கி வீட்டு மூத்த பெண் பக்கத்து வீட்டுப் பையனைக் கட்டிக்கொள்கிறாள். ஆர்மீனியர்களை ஊரைவிட்டே விரட்டும்போது அவளும் புருஷனோடு கிளம்பிவிடுகிறாள். பிறந்த வீட்டார் அவள் காய்ச்சலில் செத்துவிட்டாள் என்று ஊருக்குச் சொல்லிவிடுகிறார்கள். நாற்பது வருடம் கழித்து அவளிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது.

நல்ல கதை. ஆனால் பெயர் ஒன்றும் வாயில் நுழையாது. முதலில் எடுத்துப் போனவர் ரயில்வே பார்சல் கிளார்க் வரதன். அவர் கடைசி வெற்றுத்தாளில் பென்சிலால் வம்சாவளி போட்டு, நம் ஊர் முறைகளையும் எழுதிவிட்டார். இவள் நாத்தனார், இவள் ஓர்ப்படி, இந்தக் கிழவர் சம்பந்தி. அடுத்துப் படித்தவர் கருங்குழி டெய்சி டீச்சர். வரதன் 'அத்தை மகன்' என்று எழுதிய இடத்தில் அவர், 'தவறு. மாமன் மகன். மூன்றாம் அத்தியாயம் மறுபடி படிக்கவும்' என்று திருத்தியிருந்தார்.

மூன்றாமவர் ஏழுமலை. மகாபலிபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்துக்காரர், ஐஸ் ஃபேக்டரியில் ஆபரேட்டர். ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து வருவார். என்னை 'லைப்ரரிம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

இந்த மூன்று பேரும் புத்தகத்தை என்னிடம் திருப்பாமல் பார்சல் ஆபீஸிலேயே கைமாற்றிக்கொண்டார்கள். தேதிச் சீட்டில் வரதன் பெயரே மாதக்கணக்கில் ஓடியது. கேட்டால், "புக்கு எங்கம்மா ஓடிடப் போவுது? பார்சல் ஆபீஸ்லதான் பத்திரமா கீது" என்பார். எரிச்சலாக வரும். ஆனால் சனிக்கிழமைகளில் அவர்கள் என் மேஜையைச் சுற்றி நின்று, துருக்கியில் நடந்த கல்யாணத்தில் சீர் குறைந்துபோனதைப் பற்றி ஏதோ பக்கத்துத் தெரு விவகாரம்போலப் பேசும்போது, நானும் வேலையை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். என் முப்பது வருட சர்வீஸில் அந்தச் சனிக்கிழமைகளைத்தான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

3. ஸ்டாக் வெரிஃபிகேஷன்

வருடாந்திரக் கணக்கெடுப்புக்காக வெளியே போன புத்தகங்களையெல்லாம் திரும்ப வாங்கினோம். அந்த நாவலும் வந்தது. கடைசித்தாள் முழுக்கப் பென்சில். அரைமணி நேரம் உட்கார்ந்து அழித்தேன். அடியில் ஓரமாக, எந்தக் கோட்டோடும் சேராமல், 'ராசம்மா. இருக்கிறாள்' என்று எழுதியிருந்தது. துருக்கிக் கதையில் ராசம்மா ஏது? அதையும் அழித்தேன். தாள் பளிச்சென்று ஆனது. நூலகர்கூட மெச்சிக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை ஏழுமலை வந்தார். புத்தகத்தை எடுத்து நேராகக் கடைசித்தாளைப் புரட்டினார்.

"இங்க ஒரு பேரு இருந்துதே, லைப்ரரிம்மா."

"எல்லாத்தையும் அழிச்சிட்டேன். புக்ல எழுதக் கூடாதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்." குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "அது எங்கம்மா பேரு. இங்க தொழுநோய் ஆஸ்பத்திரில எட்டு வருசமா கீது. குப்பத்துல செத்துப்பூட்டாங்கன்னு சொல்லி, காரியமும் பண்ணிட்டோம். அதுக்கப்பறம்தான் எனக்குக் கல்யாணம். எம் பொண்டாட்டிக்கே தெரியாது. லைப்ரரிக்குப் போறேன்னு சொல்லிட்டுதான் வந்துகினு கீறேன். இந்தக் கதைய அம்மாவுக்கு முழுசா படிச்சிக் காட்டுனேன். லெட்டரு வர்ற எடத்துல அழுதுச்சி. எம் பேரையும் எங்கனா எழுதி வைடான்னுச்சி. நான் வேற எங்க எழுதுவேன்?"

உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் வந்தது இரக்கம் அல்ல, பயம். ஆஸ்பத்திரிக்குள் போய்வந்த புத்தகத்தை இத்தனை நாள் தொட்டிருக்கிறேனே என்று, நினைக்காமலே கையைப் புடவையில் துடைத்தேன். அதை அவர் பார்த்துவிட்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசிப்போகிறேன்.

"நாங்க ஒருதபா அழிச்சோம், நீங்க ஒருதபா," என்றார். கோபமே இல்லை. புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

4. உறவுமுறை

அவருடைய அடுத்த சனிக்கிழமையில் அவர் வரவில்லை. அதற்கடுத்த முறை வந்தார், கார்டைத் திருப்பிக் கொடுக்க. அதை நான் வாங்கவில்லை. மேஜையில் தயாராக வைத்திருந்த உறுப்பினர் படிவத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

"உங்கம்மா பேர்ல எழுதுங்க. ரூல்ஸ் புக்கை ரெண்டு தடவை படிச்சிட்டேன். நோயாளி சேரக் கூடாதுன்னு எங்கேயும் இல்ல. சார்கிட்டயும் சொல்லிட்டேன், விலாசம் சரியா இருந்தா போதும்னுட்டார்."

மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்தார். பிடுங்கிக்கொண்டு என் பேனாவைக் கொடுத்தேன். பெயர், ராசம்மா. விலாசம், ஆஸ்பத்திரி வார்டு. ஜாமீன் கொடுப்பவர், ஏழுமலை. அடுத்த கட்டம், உறுப்பினருக்கு என்ன உறவு. அங்கே பேனா நின்றுவிட்டது.

"இத்த யாரு பாப்பாங்க?"

"ரெஜிஸ்டர்ல ஏறிடும். யார் வேணா பாக்கலாம்." பொய் சொல்ல மனம் வரவில்லை.

வரிசையில் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். அவசரப்படுத்தாமல் இருந்தேன். 'மகன்' என்று அழுத்தி எழுதி, கையெழுத்தும் போட்டார். ராசம்மா கார்டில் முதலில் பதிவான புத்தகம் அதே நாவல்தான். என் கையால் எடுத்துக் கொடுத்தேன்.

வரதன் கடைசித்தாளில் மறுபடி வம்சாவளி போட்டார், டீச்சர் மறுபடி திருத்தினார். நான் அழிக்கவில்லை. அழிக்கும் முன் படித்துப் பாருங்கள். யார் எழுதினார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இந்த வேலையில் நான் கற்றது அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, கையில் தூக்குப் பாத்திரத்தோடு ஒரு பெண் வந்து ராசம்மாவின் கார்டை நீட்டினார். பின்னால் ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"எங்க மாமியாருக்கு வேற புக்கு ஓணுமாம்," என்றார் அந்தப் பெண். "பெரிய எழுத்தா பாத்துக் குடும்மா. இனிமே நான்தான் படிச்சிக் காட்டப் போறேன்."