பிறந்த வீட்டு ஜனங்கள்

கப்பல் கம்பெனியில் பிரெஞ்சுக் கடிதங்களை மொழிபெயர்ப்பதுதான் அவள் வேலை. சரக்கு எந்தத் துறைமுகத்தில் கிடக்கிறது, பெட்டி எங்கே உடைந்தது என்று நாள் முழுக்க அதே வறட்டுச் சங்கதி. அலுத்துப்போன ஒரு சாயங்காலம் பழைய சாமான் கடையில் தோல் அட்டை போட்ட சின்னப் புத்தகம் ஒன்று கைக்கு அகப்பட்டது. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சு நாடகம். அரசரின் அனுமதி அச்சிட்ட பக்கத்துக்கு அடியில் ‘முதன்முறையாக அச்சிட்டு முடித்த நாள்’ என்று ஒரு தேதி. நாடகம் மேடையேறிய அதே வருஷம், முதல் பதிப்பேதான்! கடையிலேயே நின்று அதை மறுபடி மறுபடி படித்தாள். அன்று பிடித்தது பழைய பிரெஞ்சுப் புத்தகப் பைத்தியம்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பிரெஞ்சில் ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் படுக்கையறைச் சுவர் நெடுக அவரே அலமாரி அடித்துக் கொடுத்தார். புதுப் புத்தகம் வந்தால், “உன் பிறந்த வீட்டு ஜனங்கள்ல இன்னொருத்தர் வந்துட்டாராக்கும். எத்தனை நாள் தங்குவாராம்?” என்பார். குழந்தை இல்லாத வீட்டில் அந்த ஜனங்கள்தான் நிறைந்து கிடந்தார்கள்.

தரைத்தள வீடு. மழை பெய்தால் சுவர் ஓதம் குடித்துக்கொள்ளும். தோல் அட்டைகளில் சாம்பல் பூசினாற்போலப் பூஞ்சை படரும். அவள் துடைக்கப் போனால் தும்மித் தீர்ப்பாள். “நீ தள்ளு, எனக்கு ஒண்ணும் ஆகாது” என்று அந்த வேலையை அவர் எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒவ்வொன்றாக எடுத்து, ஊதி, தூரிகையால் தட்டி அடுக்குவார். அவள் கட்டிலில் சாய்ந்தபடி கதை சொல்வாள். எஜமானை வேலைக்காரி ஏமாற்றும் கட்டம் வந்தால் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

அப்படி ஒரு நாள் சிரித்தபோது வந்த இருமல் லேசில் நிற்கவில்லை. சளி என்றார். பிறகு கிரீஸ் வாடை என்றார். மொட்டைமாடி லிஃப்ட் மோட்டார் அறைக்கு ஒரே ஓட்டமாக ஏறிக்கொண்டிருந்தவர், பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்க ஆரம்பித்தார். அவள் பிடித்துத் தள்ளாத குறையாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். தனியாகத்தான் போனார். “மாத்திரை குடுத்திருக்காங்க, சரியாயிடும்” என்று திரும்பி வந்தார்.

சரியாகவில்லை. உதடு நீலம் பாய்ந்த ஒரு காலையில் அவளே கூட்டிக்கொண்டு போனாள். டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவளிடம் திரும்பினார்.

“வீட்டுல புறா, கிளி ஏதாவது வளர்க்கிறீங்களா? பூஞ்சை பிடிச்ச பழைய சாமான் இருக்கா? அந்தத் தூசி நுரையீரலைக் கெடுத்துடும். போன தடவையும் கேட்டேன். எதுவுமே இல்லைன்னு சார் சொன்னாரே.”

கணவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருக்கு டாக்டர். புத்தகம். ரூம் நிறைய.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டாள்: “ஏங்க பொய் சொன்னீங்க?”

“சொன்னா எல்லாத்தையும் வெளிய போடச் சொல்லுவாங்க. உனக்குன்னு வேற என்ன இருக்கு?”

“நீங்க இருக்கீங்களே!”

வராந்தாவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், இருமல் விடவில்லை.

புத்தகங்களைக் கொடுத்துவிடுகிறேன் என்று அவள் சொன்னதும், மறுநாளே பல்கலைக்கழக நூலகத்தின் வண்டி வந்தது. முகமூடி கட்டிய ஆட்கள் புத்தகங்களைப் பெட்டிகளில் அடுக்கினார்கள். பக்கத்து வீட்டில் உட்கார வைத்திருந்த கணவர், “ஒண்ணே ஒண்ணாவது வச்சுக்கோ, முதல்ல வாங்கினதை” என்று சொல்லி அனுப்பினார். அவள் அதையும் பெட்டியில் தூக்கிப் போட்டாள். சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தாள். மெத்தையை மாற்றினாள். நல்ல காற்று வரும்படி ஜன்னல்களைத் திறந்தே வைத்தாள். ஆனால் நுரையீரலில் விழுந்த தழும்பு விழுந்ததுதான். ஆக்ஸிஜன் குழாயோடு கொஞ்ச காலம் ஓடியது. ஒருநாள் பின்மதியம், தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னவர், அவள் வைத்து முடிப்பதற்குள் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு டாக்டரம்மாவிடம் போய் நின்றாள். “முதல் தடவையே சொல்லியிருந்தா பிழைச்சிருப்பாரா?”

டாக்டரம்மா பழைய ஃபைலை மூடி வைத்தார். “அதை யாராலயும் உறுதியா சொல்ல முடியாதும்மா.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். அந்த ‘முடியாதும்மா’வைச் சுமந்துகொண்டுதான் அவள் ஆபீஸுக்குப் போனாள், உடைந்த பெட்டிகளைப் பற்றி மொழிபெயர்த்தாள். பழைய புத்தகம் வந்திருக்கிறது என்று ஏலக்கடைக்காரர்கள் போன் செய்தால், பேசாமல் வைத்துவிடுவாள்.

நூலகத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒருநாள் போனாள். நூலகர் கண்ணாடி அலமாரியைத் திறந்து காட்டினார். பூஞ்சையை நீக்கி, உலர்த்தி, ஒவ்வொன்றுக்கும் தனி உறை போட்டிருந்தார்கள். அவள் எதையும் தொடவில்லை.

“தொகுப்புக்கு உங்க பேரைப் போட்டுடலாமாம்மா?”

“வேண்டாம். எங்க வீட்டுக்காரர் பேரைப் போடுங்க.”

நூலகர் பேனாவை எடுத்தார். “சாரும் பிரெஞ்சு நல்லா படிப்பாரோ?”

“ஒரு எழுத்து தெரியாது.”

நூலகர் நிமிர்ந்து பார்த்தார்.

“அவர்தான் தினம்...” என்று தொடங்கினாள். தினம் இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் என்று திருத்த நினைத்தாள். அலமாரி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நூலகர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.