சாமி ரூம் பல்பும் அண்ணாச்சியின் செட்டும்

திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சியை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறைதான். கண் மங்கிவிட்டது, இனி இதைக் கையாள முடியாது என்று சொல்லி, தன்னுடைய பழைய வால்வு ரேடியோ செட்டை இரும்புலியூரில் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மற்றபடி எங்கள் பழக்கமெல்லாம் காலையில் ஹாம் ரேடியோவில் பேசிக்கொள்வதுதான். அவர் ஒரு சின்ன செட்டில் பேசுவார், நானும் அப்படித்தான். ஏனென்றால் அவர் கொடுத்த செட்டின் பவர் சப்ளை, வந்த மழைக்காலத்திலேயே படுத்துவிட்டது. கரண்ட் கொடுக்கிற அந்த இரும்புப் பெட்டி இல்லாமல் செட்டுக்கு உயிர் இல்லை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதற்குச் சந்தனம், குங்குமம் மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அண்ணாச்சி போன் செய்தார். பெங்களூரில் மகன் வீட்டுக்கே போகிறாராம். அடுக்குமாடி, அங்கே ஏரியல் கம்பி கட்ட இடம் கிடையாது.

"வார ஞாயித்துக்கெழம காலைல பையன் மாடிக் கம்பிய எறக்குதான்வே. அதுக்கு முன்னால நம்ம செட்டுல ஒரு தடவ பேசும். அது சத்தத்தக் கேட்டுட்டுப் போறேன்."

பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தேன். கெப்பாசிட்டர்கள் பலாக்கொட்டை போல உப்பியிருந்தன. எலக்ட்ரானிக் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதிதாக வாங்கி வந்தேன். என் மனைவியின் தம்பி பொத்தேரியில் மாணவர் விடுதிகளுக்கு ஒயரிங் வேலை செய்பவன், உதவிக்கு வந்தான். சனிக்கிழமை மதியத்துக்குள் எல்லாவற்றையும் மாற்றிப் பற்றவைத்து முடித்தோம்.

இந்த மாதிரிப் பெட்டிக்கு எடுத்தவுடனே நேராகக் கரண்ட் கொடுக்கக் கூடாது. நடுவில் ஒரு பல்பை மாட்டி, அதன் வழியாகக் கொடுக்க வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கிவிட்டால் பெட்டி நலம். மங்காமல் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட். முருகா என்று சுவிட்சைப் போட்டேன். பல்பு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

புதிதாகப் போட்டதையெல்லாம் கழற்றி, டிரான்ஸ்பார்மரை மட்டும் தனியாக விட்டுப் பார்த்தோம். அப்போதும் அதே வெளிச்சம்.

"இன்னா மாமா, டிரான்ஸ்பார்மரே அவுட்டு. காயில் உள்ள வெந்துகீது. ரீவைண்டிங்குக்குத்தான் குடுக்கணும்."

"நாளைக்குக் காலைல பேசணும்டா."

"நாளைக்கா? பத்து நாள் கேப்பான். பேசாம போன்ல பேசிடு மாமா, அதுல நல்லாவே கேக்கும்."

அவனுக்கு வேறு வேலை இருந்தது, கிளம்பிவிட்டான். நான் கைகால் கழுவி, விளக்கேற்றப் பூஜை அறைக்குப் போனேன். மனசு அதில் இல்லை. அண்ணாச்சியிடம் என்ன சொல்வது என்றுதான் சாமி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்போது பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டார்கள். பூஜை அறை பல்பு சட்டென்று மங்கியது.

தினமும் மங்குவதுதான். ஆனால் அன்றைக்குத்தான் திரும்பி ஹாலைப் பார்த்தேன். ஹால் பல்பு துளிகூட அசையவில்லை. ஹாலில் எல்.இ.டி. சாமிக்கு மஞ்சள் வெளிச்சம்தான் வேண்டும் என்று என் மனைவி பிடிவாதமாக விட்டுவைத்தது பழைய கம்பி பல்பு. சோதனைக்கு என் மச்சான் தன் பையிலிருந்து எடுத்து மாட்டியதும் எல்.இ.டி.தான். கரண்ட் குறைந்தாலும் கூடினாலும் அது ஒரே மாதிரி எரியும். அதைப் போய் சாட்சிக்கு வைத்து ஒரு நல்ல டிரான்ஸ்பார்மரைச் செத்ததென்று முடிவு கட்டியிருக்கிறோம். பல்பைத் தொடப் போனேன்.

"என்னங்க பண்றீங்க? சாமி பல்பு அது."

"ரிப்பேருக்கு வேணும்மா. காலைல திரும்ப மாட்டிடறேன்."

"அடுத்து மணியையும் கழட்டுவீங்க." விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். "சரி, கும்பிட்டுட்டு எடுங்க. விளக்கு எரியுதில்ல, போதும்."

கும்பிட்டுவிட்டு எடுத்தேன். கழற்றியதையெல்லாம் பழையபடி சேர்த்து, அந்தப் பல்பை மாட்டி, சுவிட்சைப் போட்டேன். பளிச்சென்றது. பிறகு மெல்ல மெல்ல மங்கி, உள்ளே கம்பி மட்டும் சிவப்பாக நின்றது. பெட்டி ம்ம்ம் என்று முனகியது. நான் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து அவள் ஓடி வந்தாள். "ஷாக் அடிச்சுதா?" என்றாள். பல்பைக் காட்டிச் சிரித்தேன்.

காலையில் குளித்து, திருநீறு பூசி, சாமி பல்பைத் திரும்ப மாட்டிவிட்டு, செட்டின் முன்னால் உட்கார்ந்தேன். வால்வுகள் சூடேறிச் சிவந்தன. மைக்கை அழுத்தி அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு அந்தக் குரல்.

"வந்துட்டீரா! சத்தத்துல அதே கனம்வே. நம்ம செட்டேதான். ஏலே, கொஞ்சம் பொறுலே." கடைசியில் சொன்னது மாடியிலிருந்த மகனுக்கு. "அவன் கயித்த அவுக்கப் போறான். இனி நான் பேசப்பிடாது, அவன் கையி கம்பில இருக்கும், பேசுனா சுட்டுப்புடும். கேட்டுக்கிட்டே இருக்கேன். நீரு பேசும், நிப்பாட்டாதியும்."

என்ன பேசுவது? மோட்டார் போட்டது, பல்பு மங்கியது, மணியையும் கழற்றுவேன் என்று இவள் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி எப்போது இறங்கியது, எதுவரைக்கும் அவர் காதில் விழுந்தது என்று தெரியவில்லை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "மாடம்பாக்கம் கோயிலுக்குப் போய் அவருக்கும் சேத்து அர்ச்சனை பண்ணிட்டு வரலாம், அதையும் சொல்லுங்க" என்றாள். அதையும் சொன்னேன்.