சோடிக்கு ஒருத்தி

கீரனூர் ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் தொட்டி பின்பக்கம் இருந்தது. காய வைக்கும் களம் முன்பக்கம். அவித்த நெல்லைச் சுமந்துகொண்டு கட்டடத்தையே சுற்றி வரவேண்டும். நாங்கள் சோடி சோடியாக வேலை பார்த்தோம். ஒருத்தி அள்ளித் தூக்கிவிடுவாள், மற்றவள் சுமப்பாள். கூலியும் சோடிக்குத்தான். என் சோடி என் ஓரகத்தி. ஒருமுறை கிணற்றுப் படியில் விழுந்ததிலிருந்து அவள் கழுத்து பாரம் தாங்காது. அவள் தூக்கிவிட, நான் சுமந்தேன். சிலோனுக்குப் போன அவள் புருஷன், என் கொழுந்தன், திரும்பி வரவில்லை. அவளுக்கும் அவள் மகளுக்கும் அந்தக் கூலிதான் கஞ்சி.

ஐம்பதுகளின் கடைசியில் முதலாளியின் மருமகன் திருச்சியிலிருந்து வந்தார். என்ஜினியருக்குப் படித்தவர். தரையெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டு, நாங்கள் வருகிற வழியிலேயே குந்தியிருந்து இடி வாங்கினார். பிறகு தொட்டியைக் களத்து ஓரத்துக்கே கொண்டுவந்து மேடை கட்டி ஏற்றிவிட்டார். தலையில் கூடையோடு கீழே நின்றால் போதும். தொட்டியின் அடியில் வைத்த கதவைத் திறந்தால் நெல் தானாக விழும். நல்ல ஏற்பாடுதான், நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். நடை மிச்சம் என்று நாங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தோம்.

மேடையில் வேலை தொடங்கிய முதல் நாள் காலையில் முதலாளி வந்து நின்றார்.

"இனிமே தூக்கிவிட ஆள் வேணாம். சோடிக்கு ஒருத்தி போதும். யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் ஓரகத்தி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கதவுக்கு அடியில் போய் நின்றுவிட்டாள்.

"அடியே, ஒன் கழுத்து என்னாகும்? இங்கிட்டு வா."

"நீ சும்மா இரு அக்கா. ஒனக்கு வீட்ல சம்பாதிக்க ஆள் இருக்கு. எனக்கு யாரு இருக்கா?"

நெல் விழுந்தது. ஒரு கூடை கொட்டினாள், இன்னொன்றும் கொட்டினாள். மேடையில் நின்ற மருமகன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தக் கடிகாரத்தைப் பிடுங்கித் தொட்டிக்குள் போட வேண்டும்போல் எனக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த கூடையோடு அவள் களத்தின் நடுவில் நின்றுவிட்டாள். கொட்டுவதற்குத் தலையைச் சாய்க்க வேண்டும், கழுத்து அசையவில்லை. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள், முகம் வெளிறிப்போயிருந்தது.

"எறக்குடி!" என்று கத்தினேன்.

"எறக்கிவிட ஆள் வேணும்லக்கா."

ஓடிப்போய் இறக்கினேன். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். முதலாளி என்னைப் பார்த்து, "அப்ப நீயே இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான் எங்கள் பேச்சும் முடிவும்.

தொட்டியில் நெல் ஆறிக்கொண்டிருக்கிறது என்று மருமகன் அவசரப்படுத்தினார். நான் கூடையோடு கதவுக்கு அடியில் போய் நின்றேன். ஓரகத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். பழக்கம் விடவில்லை, என் கூடையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தூக்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை. கூடை நிறைகிற வரைக்கும் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டு, கையை எடுத்தாள்.