குளிருக்கு முளைக்கும் செடி

அன்று காலை கொள்ளுக்காட்டு வரப்பில் நின்றவர்கள் ஐந்து பேர். நிலத்துக்காரர் ரங்கசாமி அண்ணன், அவர் மனைவி சரசக்கா, அடுத்த தோப்பில் வேலை செய்யும் வள்ளியக்கா, என் வீட்டுக்காரர் செல்வராஜ், நான். ஐந்து பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். கொள்ளு இருக்க வேண்டிய இடம் முழுக்க மஞ்சள் பூ. தை மாத வெயிலில் கண் கூசுகிற மஞ்சள். என்ன அழகு என்று எனக்கு ஒரு நொடி தோன்றிவிட்டது. தோன்றிய உடனே பயமும் வந்துவிட்டது. மற்ற நான்கு பேர் முகத்திலும் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

"ஏந் தம்பி, கொள்ளு போட்டீங்களா, பெரமதண்டு போட்டீங்களா?" என்று ரங்கசாமி அண்ணன் என் வீட்டுக்காரரைக் கேட்டார். குரலில் சூடே இல்லை. பாலக்காட்டை ஒட்டிய இந்த முதலமடைப் பக்கம் கோபத்தையும் மரியாதை போட்டுத்தான் சொல்கிறார்கள். எங்கள் தேயிலை மலையில் சூப்பர்வைசர் திட்டினால் அது திட்டு என்று எதிர்மலைக்கும் கேட்கும். இங்கே எது விசாரிப்பு, எது திட்டு என்று பிரித்துப் பார்க்க எனக்கு இன்னும் வரவில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் பயந்துவைக்கிறேன்.

மலையில் இருக்கிறவர்களுக்கும், மலையை விட்டு இறங்கி எங்கெங்கோ பிழைக்கப் போனவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒன்பதாவது படிக்க வேண்டுமென்றால் இரண்டு மலை தாண்டி ஜீப்பில் போக வேண்டும். அம்மாவுக்கு அப்போது முட்டிவலி, கொழுந்து எடுக்க ஆள் வேண்டும். இடுக்கியில் எங்கள் எஸ்டேட்டில் மூன்று தலைமுறையாக லயம் என்கிற வரிசை வீட்டில், ஒரே அறையில் இருந்தோம். அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்த அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். வேலை இருந்தால் வீடு, வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அதுதான் வழக்கம், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அம்மா தென்காசிப் பக்கம் தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். நானும் வீட்டுக்காரரும் ஒரு தெரிந்தவர் சொல்லி இந்த மாந்தோப்புக் காவலுக்கு வந்தோம். தோப்போரத்தில் ஓட்டு வீடு ஒன்று, அதை ஒட்டி மரம் வைக்காத வெறுங்காடு ஒரு துண்டு. "கொள்ளோ தட்டாம்பயறோ போட்டுத் தின்னுக்கங்க, காட்ட மட்டும் சுத்தமா வெச்சுக்கோணும்" என்று ரங்கசாமி அண்ணன் கொடுத்தார். காட்டை வைத்திருக்கும் வரை வீடு. வந்த அன்றே அது எனக்குப் புரிந்துவிட்டது.

அந்தப் பெரமதண்டுச் செடியை முதன்முதலாக நான் பார்த்தது நாங்கள் வந்த வருசத்து மார்கழியில். தரையோடு தரையாக, யாரோ தட்டை வைத்ததுபோல் வட்டமாக இலை விரித்துக் கிடந்தது. சாம்பல் பூத்த பச்சை. இலையின் நரம்பை எல்லாம் சாக்பீஸால் வரைந்த மாதிரி வெள்ளைக் கோடு, ஓரமெல்லாம் முள். தையில் நடுத்தண்டு எழுந்து பூத்தது. பூ மட்டும் அந்தச் செடிக்குச் சொந்தமில்லாதது போல இருந்தது. கசங்கிய மெல்லிய தாள் மாதிரி இதழ், தொட்டால் கையோடு வந்துவிடும். தண்டை ஒடித்தால் பால் வரும் என்று நினைப்போம் இல்லையா, இதில் மஞ்சளாக வந்தது. கையில் பட்ட கறை காய்ந்து பழுப்பாகி இரண்டு நாள் போகவில்லை. ஆடு பக்கத்தில் வந்து மோந்துபார்த்துவிட்டு அப்படியே போய்விடும். மலையில் எங்கே பார்த்தாலும் பச்சை. ஒரு பூ அதில் தெரிய வேண்டுமென்றால் பெரிய பூவாக இருக்க வேண்டும். இங்கே மண் சிவப்பு, புல் வெள்ளை, மாவிலையில் தூசி. அதற்கு நடுவே இது. கொஞ்ச நாள் நான் அதைப் பார்க்கவே வரப்புக்குப் போனேன்.

பங்குனியில் செடி காய்ந்து நின்றது. வீட்டுக்காரரும் நானும் மலையிலிருந்து கொண்டுவந்த அரிவாளை எடுத்து, வரப்போரம் இருந்ததையெல்லாம் வெட்டிக் காடு முழுக்கப் பரப்பினோம். தேயிலைத் தோட்டத்தில் களையை வெட்டினால் வெளியே கொண்டுபோய்க் கொட்ட மாட்டோம், செடிக்கு நடுவிலேயே போட்டுவிடுவோம். நாலு மழையில் அழுகி எருவாகிவிடும். மண்ணை மூடி வைக்கிற அந்த வேலையை எங்கள் அம்மாவும் அவள் அம்மாவும் அப்படித்தான் செய்தார்கள். பரப்பி முடித்து, காடு சுத்தமாக இருக்கிறது என்று நிமிர்ந்தபோது வள்ளியக்கா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அம்மிணி, இப்பவே வெதைக்கறீங்க?" என்றார்.

"இல்லக்கா, மழை பெய்யட்டும், அதுக்கப்புறம்தான்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நல்ல மனுஷி, வந்து பேசிவிட்டுப் போகிறார் என்று வீட்டுக்காரரிடம் சொல்லி சந்தோஷப்பட்டேன்.

இந்த ஊரில் பங்குனியில் எதுவும் அழுகாது. வெட்டிப் போட்ட செடியில் முள்ளு முள்ளாக இருந்த காய்களின் நுனி சின்னச் சின்னதாகப் பிளந்தது. உள்ளே கடுகு மாதிரி கறுப்பு விதை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்க அடிக்க ஒவ்வொரு காயும் உப்புக்குலுக்கி போலக் குலுங்கிக் கொட்டியிருக்கிறது. கோடை முழுக்க மண்ணில் கிடந்தது, மழைக்கும் முளைக்கவில்லை. நாங்கள் ஐப்பசியில் கொள்ளு விதைத்தோம், கொள்ளுதான் முளைத்தது. கார்த்திகை கழிந்து விடியக்காலையில் கொஞ்சம் குளிர் விழ ஆரம்பித்த பிறகுதான் அது தலை நீட்டியது. ஒன்றல்ல, கை வைக்க இடமில்லை. கொள்ளு மூச்சுவிட முடியாமல் மஞ்சளாகிப் போனது. தையில் நாங்கள் ஐந்து பேரும் வரப்பில் நின்றது அதனால்தான்.

வீட்டுக்காரர் நடந்ததைச் சொன்னார். வெட்டிப் பரப்பினோம், எருவாகும் என்று நினைத்தோம் என்றார். சரசக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "எருவா? அட சாமி. அதைப் போயி ஊட்டோரம் கூட விடமாட்டோம், குடியோட்டிங்கறது அதுக்குப் பேரு" என்றார். குடியை விரட்டுகிற அந்தப் பேர் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ரங்கசாமி அண்ணன் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. "இப்ப காயெல்லாம் பச்சையா இருக்குது. மாசி பொறக்கறதுக்குள்ள ஒரு செடி இல்லாம வேரோட எடுத்துப் போடுங்க. முத்தி வெடிச்சுதுன்னா தோப்புக்குள்ளயும் வந்துரும். அப்பறம் நான் வேற ஆளத்தான் பாக்கோணும்" என்றார். மரியாதை குறையவில்லை. வேற ஆள் என்றால் வீடும் வேற ஆளுக்கு.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை, நான் சாதாரண நாளிலேயே தூங்குகிறவள் இல்லை. வீட்டுக்காரர் மலைக்கே திரும்பிவிடலாம் என்றார். "டெம்பரவரிக்கு ஆள் எடுக்காங்களாம்ளா. உன் தங்கச்சி வீட்ல கொஞ்ச நாள் இருந்துக்கிடுவோம். இந்த முள்ளுல கெடந்து எதுக்குச் சாவணும்?" என்றார். மலை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சில்லென்று முதுகில் ஒன்று ஏறி இறங்கியது. மஞ்சு இறங்கி லயத்தின் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்பதும், துணி மூன்று நாளாகக் காயாமல் அடுப்புக்கு மேலே தொங்குவதும், அப்போது சலித்துக்கொண்டதெல்லாம், வரிசையாக வந்தன. காலையில் தங்கச்சி அமுதாவுக்குப் போன் போட்டேன்.

"குளிரா அங்க?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"சாவடிக்குக்கா. வா, வந்து நீயும் நடுங்கு" என்றாள். பிறகு நான் கேட்காமலே சொன்னாள். "நம்ம ரூம்ல இப்ப ஜார்க்கண்ட்காரங்க இருக்காங்க. புருசன் பொண்டாட்டி, ஒரு கைப்பிள்ள. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, பேசத்தான் தெரியாது. நம்ம அடுப்பு மேட்ட இடிச்சிட்டு அங்க தொட்டில் கட்டிருக்கா. எங்க வீட்டுக்கு வாறதுன்னா வா, வெளிய வராந்தாவுல படுத்துக்கிடலாம்." அவள் ஆசையாகத்தான் கூப்பிட்டாள். நான் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். போனை வைத்த கையோடு வீட்டுக்காரரிடம், "கையில துணி சுத்திக்கங்க, ஆரம்பிப்போம்" என்றேன்.

வேர் ஆழமாக ஒரே இழையாகப் போகிறது. மேலே பிடித்தால் முள், அடியில் பிடித்தால் இன்னும் முள். பழைய சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு பிடுங்கினோம். முதல் நாள் வீட்டுக்காரர் பிடுங்கியதைப் பழக்கத்தில் அங்கேயே போட்டுக்கொண்டு வந்தார். வள்ளியக்கா தோப்பிலிருந்து ஓடிவந்தார். "ஏனுங்க, மறுக்காவுமா? பறிச்சுப் போட்டாலும் அந்தக் காயி கெடந்தே பழுத்துக்கும். தூக்கிட்டுப் போயி குழியில போட்டுத் தீ வெய்யுங்க." அப்போதுதான் போன வருசம் அவர் சிரித்த சிரிப்பு எனக்குப் புரிந்தது. "அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன். "கேட்டனே அம்மிணி. நீ மழை வரட்டும்னியே. உங்க மலையில இதைத்தான் வெதைப்பீங்களாட்டம் இருக்குதுன்னு நெனச்சுட்டேன்" என்றார். எனக்கு அழுகை வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து சாயங்காலம் அவரும் கூட நின்று பிடுங்கினார்.

கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீசிலிருந்து ஒரு சின்னப் பெண் மாம்பூ பார்க்க வந்தபோது செடியைக் காட்டிக் கேட்டேன். கசகசாச் செடியின் சொந்தம் இது என்றும், இங்கத்து ஆளில்லை, மெக்சிகோ என்கிற தேசத்திலிருந்து எப்போதோ வந்தது என்றும் மலையாளத்தில் சொன்னாள். விதை கடுகில் கலந்துவிட்டால் கால் வீங்கும், நெஞ்சைப் பாதிக்கும், கவனமாக இருங்கள் என்றாள். அவள் போனதும் நான் செய்த முதல் வேலை, கடையில் வாங்கிய கடுகு டப்பாவை அப்படியே குழியில் கொட்டியதுதான். வள்ளியக்காவுக்கு அதைவிட மெக்சிகோதான் பொறுக்கவில்லை. "வந்த செடியா? எங்கப்பன் காலத்துலயும் இங்கதான் இருந்துது. அவளுக்கு என்ன தெரியும்" என்றார். எத்தனை காலம் இருந்தால் ஒன்றை இங்கத்தது என்று சொல்லிவிடுவார்கள் என்று எனக்கு யோசனை ஓடியது.

மாசி பிறப்பதற்கு முதல் நாள் ரங்கசாமி அண்ணன் வந்தார். காடு வெறும் சிவப்பு மண்ணாகக் கிடந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு சுற்று நடந்தார். எங்கள் இரண்டு பேர் கையையும் பார்த்தார். நான் கேட்க நினைத்ததை வீட்டுக்காரர் கேட்டார், "நாங்க இருக்கலாமாண்ணே?"

"எங்க போறீங்க?" என்றார் அவர். "ஒரு வருசம் உளுந்த வெதை ஏழெட்டு வருசத்துக்கு மண்ணுக்குள்ள கெடக்கும் தம்பி. வருசா வருசம் பனி உளுந்தா மொளைக்கும். உளுக விட்டவங்கதான் பறிக்கோணும். அதை நான் புதுசா ஒருத்தருக்குச் சொல்லிக் குடுத்துட்டு இருக்க முடியுமா?"

ஏழெட்டு வருசம். எஸ்டேட்டில் யாரும் எங்களிடம் முன்கூட்டி இத்தனை வருசம் இருக்கலாம் என்று சொன்னதில்லை. வீட்டுக்காரர் நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எனக்கும் நிம்மதிதான். ஆனால் உள்ளே எங்கோ ஒரு கதவைச் சாத்திவிட்டு வந்ததுபோலவும் இருந்தது.

இப்போது மறுபடியும் மார்கழி. வெயிலில், புழுதியில், மாங்காய் லாரிகளின் இரைச்சலில் வருசம் முழுக்க நான் காத்துக்கிடப்பது இந்தக் கொஞ்ச நாள் குளிருக்காகத்தான். அந்தச் செடியின் விதையும் மண்ணுக்குள் இதற்காகத்தான் காத்துக்கிடக்கிறது. விடிவதற்கு முன் நெல்லியாம்பதி மலைப்பக்கமிருந்து குளிர் இறங்கிக் காட்டில் நிற்கும்போது, எஸ்டேட்டில் போட்டுக்கொண்டு காலையில் பேர் கூப்பிடும் மஸ்டருக்குப் போன பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு இறங்குகிறேன். வாயிலிருந்து புகை வருகிறதா என்று ஊதிப் பார்க்கிறேன். வருவதில்லை. சின்னச் சின்னத் தட்டாகத் தரையில் விரிந்து, பனி ஒட்டிய வெள்ளைக் கோட்டு இலைகளோடு அவை கிடக்கின்றன. அழகாகத்தான் இருக்கின்றன, இப்போது வெட்கப்படாமல் பார்க்கிறேன். பிறகு ஒன்றொன்றாகப் பிடுங்குகிறேன். நான்கு வரிசை முடிவதற்குள் வெயில் வந்துவிடும், கழுத்தில் வேர்க்கும். ஸ்வெட்டரைக் கழற்றி மாங்கிளையில் மாட்டிவிட்டு மறுபடி குனிகிறேன். நிமிரும்போதெல்லாம், அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு என்னைப் போல ஒருத்தி அந்த மரத்தடியில் மலையைப் பார்த்து நின்றுகொண்டிருக்கிறாள்.